இருபத்தொரு வழுக்கையும் ஒரு பூனைக்காதும்

பொய் சொல்வதில் எனக்கு ஐம்பது வருட அனுபவம். சவரம் செய்வதில் நாற்பத்தெட்டுதான். முதல் இரண்டு வருடமும் என் முதலாளி என்னைக் கத்தியைத் தொட விடவில்லை. காத்திருப்பவர்கள் பொறுமை இழந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடாமல் பேசிப் பேசி உட்கார வைப்பதுதான் வேலை. ஆக, எது முதலில் வந்ததோ அதில்தான் கை நன்றாகப் படிந்தது.

கடையில் இரண்டு நாற்காலி. தெருப்பக்கம் இருப்பது என்னுடையது. உள்சுவரை ஒட்டியது என் மச்சானுடையது. என் வீட்டுக்காரியின் தம்பி. எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடி இருப்பதால் முப்பது வருடமாக நாங்கள் முதுகோடு முதுகு நின்றுகொண்டே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வருகிறோம். அவன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்று அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். மிச்சத்தையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன்.

என் கதைகள் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. ஒரு லாரிக்காரர் சனிக்கிழமை என் நாற்காலியில் தூங்கிப்போய்த் திங்கட்கிழமை எழுந்ததையும், அதற்குள் தாடி திரும்ப வளர்ந்துவிட்டதால் இன்னொரு தடவை மழித்து அனுப்பியதையும் ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நான் மழித்த வழவழப்பில் ஒருவரை அவர் வீட்டு நாயே அடையாளம் தெரியாமல் சாயங்காலம் வரை வாசலில் நிறுத்திவைத்ததையும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள், இல்லையென்றால் தூங்குவார்கள். சிரித்தால் கத்தியைச் சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சேதமும் கிடையாது.

அப்படி இருந்தவனிடம்தான் பூனைக்காது வந்து மாட்டியது.

அன்று மத்தியானம் பேங்க் மேனேஜர் வந்திருந்தார். அவருக்கு முடிவெட்ட ஆறு நிமிடம் போதும். காதுக்கு மேலே ஓடும் வேலியை ஒழுங்குபடுத்துவதுதான் வேலை. கண்ணாடியில் தன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “இதுக்கு ஒண்ணுமே கிடையாதா அண்ணே?” என்றார். மாதா மாதம் கேட்கும் கேள்விதான். அன்று குரல் வேறு மாதிரி இருந்தது. மகளுக்குக் கல்யாணமாம், போட்டோ எடுப்பார்களாம். எனக்கு இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்து நான் பொய் சொல்லாமல் இருந்ததே இல்லை.

நுரை துடைப்பதற்காக ஒரு செய்தித்தாளைக் கிழித்து வைத்திருந்தேன். அதில் ஒரு செடியின் படம். ஊருக்கு வெளியே மூடிப்போன கல்குவாரியின் பாறைச்சரிவில் அது வளர்கிறது, இலை முழுக்க மெல்லிய ரோமம், அதனால் பேர் பூனைக்காது என்று போட்டிருந்தது. உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது, மிஞ்சியிருப்பது மொத்தமே இருபத்தாறு என்றும் போட்டிருந்திருக்கிறது. அந்த வரிமேல் நுரை இருந்தது.

“ஒண்ணு இருக்கு சார்,” என்றேன். “ஆனா நான் சொன்னேன்னு வெளியில போகக் கூடாது.”

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார். காத்திருந்த நாலைந்து பேரும் பேப்பரை மடித்துவிட்டார்கள்.

“குவாரியில பூனைக்காதுன்னு ஒரு செடி. அந்தக் காலத்துல கல் உடைக்கறவங்க கை வலிக்கு அதோட இலையைத் தேய்ப்பாங்க. தேய்ச்ச கையைப் பாறையில துடைச்சுட்டுப் போவாங்க. மறுவாரம் வந்து பார்த்தா பாறைக்கு முடி முளைச்சிருக்கும். பாசி, பாசிங்கறாங்களே, அதெல்லாம் என்னன்னு நினைச்சீங்க?”

யாரும் சிரிக்கவில்லை. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வாய் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

“தினமும் காலையில, வெறும் வயித்துல, பறிச்ச சூட்டோட ஒரே ஒரு இலை. தொண்ணூறு நாள்.”

வெறும் வயிறும் தொண்ணூறு நாளும் சும்மா அலங்காரம். ‘பறிச்ச சூட்டோட’ என்றேன் பாருங்கள், அதுதான் வினை. குவாரி நாலு கிலோமீட்டர். தினமும் விடிந்ததும் எந்த வழுக்கைக்காரர் நாலு கிலோமீட்டர் நடப்பார்? செடியையே வேரோடு பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் அதைச் சொன்னபோது உள்நாற்காலியில் கத்தரிச் சத்தம் நின்றது. கண்ணாடியில் மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு கத்தரி மறுபடி ஓடியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு வாரம் கழித்து, மச்சான் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு அம்மா கடைக்குள் வந்தார். நாற்பது வயது இருக்கும். முழங்கால்வரை கல்தூசி.

“இது ஆம்பளைங்க கடைம்மா,” என்றேன்.

“தெரியும் ஐயா. உட்கார ஒரு இடம் வேணும்.”

உட்கார்ந்தார். செடி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் டாக்டர் என்றார். செய்தித்தாளில் பூனைக்காதைப் பற்றி எழுதியது அவர்தானாம். பதினொரு வருடமாக அந்தப் பாறைக்குப் போய்வருகிறாராம். ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் எண் போட்ட சின்ன அலுமினியத் தகடு ஒன்று அடித்து வைத்திருந்தாராம். நேற்றுப் போனபோது ஒருத்தர் ஏணியில் நின்று பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தாராம்.

“என்ன பண்றீங்கன்னு கேட்டேன். முடிவெட்டற ஐயா சொன்னாருன்னார்.”

கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தேன்.

“எத்தனை மிச்சம்மா?”

“நாலு. ஏணிக்கு எட்டாத உயரத்துல இருந்ததால. இருபத்திரண்டு போயாச்சு.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. பாடம் எடுப்பது போலப் பொறுமையாகச் சொன்னார். பூனைக்காதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மிஞ்சிய நாலும் பெண். மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், இந்த வருடம் பூக்கிற வருடம், மொட்டு வந்தாயிற்று. பூத்தால் பத்து நாள் நிற்கும். அதற்குள் ஒரு ஆண் பூவின் மகரந்தம் கிடைத்தால் விதை பிடிக்கும். அந்த நாலும் இருக்கிற பாறைத்திட்டில் விரிசல் விட்டிருக்கிறது. அடுத்த மழைக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது. முன்பு நிலையத்துத் தொட்டிகளில் வைத்துப் பார்த்ததெல்லாம் அழுகிப்போயிற்று.

“விதை இந்தத் தடவை பிடிக்கலைன்னா?”

“அப்புறம் அதைப் படத்துலதான் பார்க்கணும்.”

உலகத்தில் ஒரு செடிச்சாதியே, பேர் சொல்ல ஒன்று இல்லாமல், ஒரு பேங்க் மேனேஜரின் போட்டோவுக்காகப் போகப்போகிறது. நான் எத்தனையோ பேரைக் கதையில் கொன்றிருக்கிறேன். நிஜத்தில் இதுதான் முதல்.

“யார் யார் எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?”

“தெரியாதும்மா,” என்றேன். அப்புறம் யோசித்தேன். ஒரு மாதமாகச் சில தலைகளில் தண்ணீர் பட்டதும் இளம் ஊதாவாக ஒரு கறை தெரிந்ததைப் பார்த்திருந்தேன். புது ஷாம்பு என்று நினைத்துக்கொண்டேன். “அந்த இலைச்சாறு காய்ஞ்சா என்ன நிறம்மா?”

“ஊதா.”

“அப்ப தெரியும். தலையைப் பார்த்தாச் சொல்லிடுவேன்.”

அந்த அம்மா, மேலிடத்துக்குப் புகார் எழுத வேண்டியது தன் வேலை என்றும், அதைப் பதினைந்து நாள் கழித்து எழுதினாலும் யாரும் கேட்கப்போவதில்லை என்றும் சொன்னார். எழுந்து போகும்போது, நாற்காலியில் ஒட்டியிருந்த கல்தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார். என்னால் பதினொரு வருடம் பாழாய்ப்போனவர் என் நாற்காலியைத் துடைத்துவிட்டுப் போகிறார்.

மச்சானிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கண்ணாடிப் பார்வை ஒன்று பார்ப்பான். அது ஆயுசுக்கும் போதும்.

மறுநாளிலிருந்து வந்தவர்கள் தலைக்கெல்லாம் முதலில் தண்ணீர் தெளித்தேன். முகச்சவரத்துக்கு வந்தவர்களையும் விடவில்லை. ஊதா தெரிந்தால் காதோடு காதாக, “சார், செடியைத் திருப்பிக் குடுத்துடுங்க. நான் சொன்னது பொய்,” என்றேன்.

ஒருத்தர்கூட நம்பவில்லை. ஐம்பது வருடத்தில் நான் சொல்லி எடுபடாத முதல் சரக்கு உண்மைதான்.

பேங்க் மேனேஜர் தணிந்த குரலில், “எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு பின்வாங்கறீங்க. புரியுது அண்ணே,” என்று கண்ணடித்தார். நீச்சல் பயிற்சி கொடுக்கும் வாத்தியார் ஒருபடி மேலே போனார். தலையைக் குனிந்து, “எண்ணுங்க,” என்றார்.

எண்ணினேன். மூன்று.

“போன மாசம் ஒண்ணுமே இல்லை. இப்ப சொல்லுங்க, பொய்யா?”

அந்த மூன்று முடியும் எனக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். நடுவில் இருப்பது கொஞ்சம் முரடு. அவரிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

இரண்டு நாள் உண்மை பேசிக் களைத்துப்போய், மூன்றாம் நாள் எனக்குத் தெரிந்த தொழிலுக்கே திரும்பினேன். “முடி வளரும் சார், நான் இல்லேங்கலை. ஆனா அறுபது நாளைக்கு மேல வீட்டுல வச்சிருந்தா அந்தச் செடி திருப்பி எடுக்கும். முதல்ல புருவம்,” என்றேன்.

புருவம் என்றதும் எல்லார் கையும் நெற்றிக்குப் போனது. சாயங்காலத்துக்குள் கடை வாசலில் தொட்டி, டப்பா, உடைந்த வாளி என்று வரிசை கட்டிவிட்டது. நீச்சல் வாத்தியார் துண்டால் புருவத்தை மூடிக்கொண்டே வந்தார்.

வந்தது வந்ததே தவிர, வந்த நிலைமை சொல்லும்படி இல்லை. பாதிக்கு மேல் அழுகல். ஒருத்தர் கிழங்கோடு எண்ணெயில் காய்ச்சியிருந்தார். பாட்டிலில் வந்தது. ஒருத்தர் வீட்டுப் பூனைக்காதைப் பூனையே தின்றுவிட்டது, அவர் வெறும் தொட்டியோடு வந்து மன்னிப்புக் கேட்டார். டாக்டரம்மா தினமும் வந்து, கடையின் பின்கட்டில் குந்தி, செடியோடு பெயர்ந்து வந்த தகட்டின் எண்ணையும் தன் நோட்டையும் ஒத்துப்பார்த்தார். தகடு தொலைந்த இடத்தில் யார் எந்த மூலையிலிருந்து பிடுங்கினார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். உயிரோடு ஒன்பது தேறியது. ஒன்பதிலும் மொட்டு இல்லை. பெயர்த்த அதிர்ச்சியில் இந்தத் தடவை பூக்காது என்றார்.

குவாரியில் அந்த நாலும் பூத்துவிட்டன. ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ண ஆரம்பித்தோம். ஆறாம் நாள் அவர் நோட்டை மூடினார்.

“இருபத்தொண்ணு கணக்கு வந்துடுச்சு. பதினேழாம் நம்பர் மட்டும் வரலை ஐயா. அது ஆண் செடி. எல்லாத்துலயும் திடமா இருந்தது அதுதான்.”

பதினேழுக்காக நான் பண்ணாத கூத்து இல்லை. தெருவில் போன வழுக்கைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலை கழுவிவிட்டேன். வெயிலில் தொப்பி போட்டுப் போனவர்களைச் சந்தேகப்பட்டு இரண்டு தெரு பின்னாலேயே போனேன். ஊரில் எனக்குத் தெரியாத தலை இல்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவன், எட்டாம் நாள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

“என்ன, பேச்சையே காணோம்? வாயில புண்ணா?” என்றாள் என் வீட்டுக்காரி.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நடுவில் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் எவ்வளவு மோசம் என்று எனக்கே தெரிந்தது.

“என் தம்பிகிட்டச் சொன்னீங்களா?”

“அவன்கிட்ட எதுக்கு? ஆயுசு பூரா குத்திக்காட்டுவான்.”

“அவனா? ‘பசிக்குது’ங்கறதையே ஜாடையில சொல்றவன். குத்திக்காட்ட வார்த்தைக்கு எங்க போவான்? சும்மா சொல்லுங்க.”

ஒன்பதாம் நாள் காலை கடை திறந்ததும் சொன்னேன். அவன் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான். நான் செடிகளைத் திரும்ப வாங்குவது அவனுக்குத் தெரியும், எதற்கென்று தெரியாது. ஆண் செடி, பெண் செடி, பத்து நாள், விரிசல் விட்ட பாறை எல்லாம் சொன்னேன். பதினேழு என்று சொன்னபோது துடைப்பம் நின்றது.

“தகடு வச்சிருக்குமே, அந்தப் பதினேழா மாமா?”

“உனக்கெப்படித் தெரியும்?”

“என்கிட்ட இருக்கு.”

முதலில் அவன் தலையைத்தான் பார்த்தேன். குதிரைப் பிடரி மாதிரி அடர்த்தி. அந்தத் தலைக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளித்துப் பார்க்கவில்லை.

“உனக்கு எதுக்குடா அது?”

“எனக்கு எதுக்கு? நீங்க சொன்னப்பவே தெரியும், பொய்னு. முப்பது வருஷமா கேக்கறேன்.”

“அப்புறம் ஏன் எடுத்தே?”

அவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். “எனக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாதே. அஞ்சு பேர் வாயைப் பொளந்துட்டுக் கேட்டுட்டு இருந்தாங்க. நீங்க வேற அன்னிக்கு ரொம்ப நல்லாச் சொன்னீங்க. ஒரு வாரத்துல மலையையே மொட்டையடிச்சிருவாங்கன்னு தோணுச்சு. சாயங்காலம் பஸ் ஏறிப் போயிட்டேன். ஒண்ணாவது தப்பிக்கட்டும்னு.”

நான் அவன் அக்காவைப் பெண் பார்க்கப்போன நாளிலிருந்து கணக்குப் பார்த்தாலும், அவன் ஒரே மூச்சில் பேசிய நீளம் அதுதான்.

“இத்தனை நாள் ஏன்டா சொல்லலை?”

“அந்தம்மாகிட்டப் போனதெல்லாம் அழுகலா இருந்துச்சு. என்னோடது நல்லா இருந்துச்சு. பூ வேற வந்துடுச்சு. குடுத்தா இதுவும் போயிருமோன்னு பயம்.” துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தான். “அப்புறம், நீங்க ரெண்டு நாள் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் உண்மை பேசிட்டு இருந்தீங்க. நடுவுல பேசி அதைக் கெடுக்க வேண்டாம்னு பார்த்தேன்.”

கடையைப் பூட்டினோம். அவன் அச்சுக்கூடத்துக்கு மேலே ஒரே அறையில் தனியாக இருப்பவன். கட்டில், ஸ்டவ், ஜன்னல். ஜன்னல் மேடையில் பழைய சவரச்சோப்பு டப்பா. அதில் பூனைக்காது நின்றுகொண்டிருந்தது. இலை ஒவ்வொன்றும் காதை விறைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி. நடுவில் ஏழெட்டுச் சின்ன வெள்ளைப் பூ, உள்ளே மஞ்சள் பொடி. கீழே எந்திரம் ஓடும் அதிர்வில் பொடி லேசாக உதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

டப்பாவைக் குனிந்து பார்த்தேன். மண்ணைக் காணோம். கல்லுப்பொடி, அதோடு கறுப்பும் வெள்ளையும் செம்பட்டையுமாகப் பஞ்சு மாதிரி ஏதோ.

“இது என்னடா?”

“முடி மாமா. கடையில கூட்டினது. மண்ணுல வச்சேன், ரெண்டு நாள்ல அழுக ஆரம்பிச்சுடுச்சு. பாறையில மண்ணு எங்க இருந்துச்சுன்னு யோசிச்சுக் கல்லுப்பொடி போட்டேன். தண்ணி நிக்கலை. முடியைக் கலந்தேன். அளவா நின்னுச்சு.”

செடி முடியை வளர்க்கும் என்று ஊர் பூராச் சொன்னவன் நான். இங்கே இருபத்தொரு வழுக்கைத் தலைகளின் காதோர முடியில் செடி கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டிருந்தது. என் ஐம்பது வருட அனுபவத்தில் இவ்வளவு பெரிய கதையை நான் கட்டியதில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். குவாரியில்தான் இருந்தார். “நேரா இங்க வாங்க. காத்துப் படாம,” என்றார்.

காற்று படாமல் இருக்க மச்சான் டப்பாவைச் சுற்றி முடிவெட்டும்போது கட்டும் வெள்ளைத் துணியைக் கட்டினான், பழக்கதோஷத்தில் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் இல்லாத இருக்கையாகப் பார்த்து நடுவில் வைத்துக்கொண்டோம். நடத்துநர் எட்டிப்பார்த்தார்.

“என்ன அண்ணே, வீட்டுக்கே போய் வெட்டறீங்களா?”

“பாதியில எந்திரிச்சு வந்துட்டார்,” என்றேன். அதற்கு மேல் எனக்கு அன்று பொய் வரவில்லை.

குவாரியில் டாக்டரம்மா ஏணியடியில் உட்கார்ந்திருந்தார். ஏணிக்கு மேல் ஏணி வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார். மச்சான் துணியை அவிழ்த்தான். அவர் இரண்டு கையாலும் டப்பாவைத் தொட்டார், செடியைத் தொடவில்லை.

“மேலே மூணு செடியில பூ கொட்டியாச்சு. ஒண்ணுலதான் மிச்சம். ஏழு பூ. நாளைக்கு அதுவும் இருக்காது.”

பையிலிருந்து ஒரு மெல்லிய தூரிகையை எடுத்தார். தூரிகை நடுங்கியது. இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தார், அதுவும் நடுங்கியது. ஒன்பது நாளாகப் பாறையில் ஏறி இறங்கி, சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருந்த கை.

“பூவோட வாய் அரிசி மணி அளவுதான் இருக்கும்,” என்றார். “ஓரத்துல இடிச்சா உதிர்ந்துடும்.”

பிறகு தூரிகையை என்னிடம் நீட்டினார்.

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

“அம்மா, நானா?”

“தொண்டையில கத்தி வச்சு எத்தனை வருஷம் ஐயா?”

“நாற்பத்தெட்டு.”

“யாருக்காவது கீறல் விழுந்திருக்கா?”

இந்தக் கேள்விக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் வேறு. அன்று, “மூணு பேருக்கு,” என்றேன்.

“போதும். ஏறுங்க.”

ஏணி எவ்வளவு உயரம் என்று வீட்டில் நான் சொல்லிவைத்திருக்கும் கணக்கை விட்டுவிடுங்கள். உண்மையில் பத்தொன்பது படி. டாக்டரம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மச்சான் எனக்குக் கீழே இரண்டு படி தள்ளி, டப்பாவை என் இடுப்பு உயரத்துக்கு ஏந்திக்கொண்டு நின்றான். தூரிகையை ஆண் பூவில் தொட்டு, மேலே எடுத்து, பெண் பூவின் வாயில் வைத்து, காது மடலுக்குப் பின்னால் கத்தியைத் திருப்புகிற மாதிரி அரைச் சுற்றுச் சுற்றினேன். ஒன்று. மறுபடி தொட்டு, மறுபடி சுற்றி, இரண்டு.

எனக்கு நினைவு தெரிந்து, வாயைத் திறக்காமல் நான் செய்து முடித்த முதல் வேலை அது. கீழே அந்த அம்மா மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். நாலாவது பூவில் காற்று வந்தது. மச்சான் முதுகைக் கொடுத்து மறைத்தான். ஏழாவது பூ கொஞ்சம் வாடியிருந்தது. அதற்கும் வைத்தேன்.

இறங்கியதும் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது, “ரொம்ப நன்றிம்மா,” என்றுதான் வந்தது. தண்ணீருக்கு என்று அவர் நினைத்திருக்கலாம்.

விதை முற்ற நாற்பது நாள் என்றார். நாற்பது நாளும் நான் கடையில் தலைகளைப் பார்த்தேனே தவிர, மனசு பத்தொன்பதாம் படியில்தான் நின்றது. முப்பத்தெட்டாம் நாள் வானம் கறுத்தது. டாக்டரம்மா மழைக்கு முந்திக்கொண்டு ஏறிக் காய்களைக் கவரில் போட்டு எடுத்துவந்து, நேராக எங்கள் கடைக்கு வந்தார். ஏழு பூவில் ஐந்து பிடித்திருந்தது. என் கண்ணாடி முன்னால், வெள்ளைத் துணியை விரித்து, சீப்பின் முனையால் தள்ளித் தள்ளி எண்ணினோம். இருநூற்றுப் பதினெட்டு. மிளகைவிடச் சின்னது. பேங்க் மேனேஜர் பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

அந்த வாரமே பெய்த மழையில் விரிசல் விட்ட திட்டு சரிந்தது. நாலில் இரண்டு அதோடு போயிற்று.

விதைகளைக் கல்லுப்பொடியிலும் முடியிலும் போட்டார்கள். நூற்று நாற்பத்து மூன்று முளைத்தது. பதினேழாம் நம்பரை நிலையத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று டாக்டரம்மா சொன்ன அன்று மச்சான் சரி என்று தலையாட்டினான். மறுநாள் அவரே வந்து, அதை வைத்திருக்க அந்த ஜன்னலைவிட நல்ல இடம் நிலையத்தில் இல்லை என்றார். சர்க்கார் முத்திரை போட்ட ஒரு அட்டையை டப்பாவில் கட்டிவிட்டுப் போனார். அட்டையில் ‘பொறுப்பாளர்’ என்று போட்டு மச்சான் பெயர். அன்று அவன் பதினான்கு வார்த்தை பேசினான், நான் எண்ணினேன்.

எங்கள் கடையில் கூட்டுகிற முடி இப்போது வாரம் ஒரு சாக்கு நிலையத்துக்குப் போகிறது. நீச்சல் வாத்தியார் தன் மூன்றில் ஒன்றைக் கொடுக்க முன்வந்தார். நான் வாங்கவில்லை.

டாக்டரம்மா மேலிடத்துக்கு எழுதியதை எனக்கு வாசித்துக்காட்டினார். செடி குறைந்ததற்குக் காரணம் என்ற இடத்தில் ‘உள்ளூரில் பரவிய தவறான நம்பிக்கை’ என்று ஒரு வரி. பேர் இல்லை, கடை இல்லை. அந்தத் தவறான நம்பிக்கை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. உதவியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பேர் பெயர் இருந்தது. இரண்டாவது என்னுடையது.

மாதத்தில் முதல் செவ்வாய் கடைக்கு விடுமுறை. அன்று நாங்கள் ஒருவருக்கு ஒருவர் முடிவெட்டிக்கொள்வோம். போன செவ்வாய் என் முறை முடிந்து மச்சான் உட்கார்ந்தான். துணியைக் கட்டினேன். கத்தரியை எடுத்தேன்.

“மச்சான்.”

“ம்.”

“அன்னிக்கு நீ பஸ் ஏறலைன்னா ஒண்ணுமே மிஞ்சியிருக்காது. நன்றிடா.”

கண்ணாடியில் என்னை உற்றுப் பார்த்தான்.

“கதையா மாமா, நிஜமா?”

“நிஜம்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அப்ப மெதுவாவே வெட்டுங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்லை.”

அன்று அவனுக்கு முடிவெட்டி முடிக்க ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று.